பூனை மெத்தைக்கு வரும் வழி

பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கும் பேத்தியைப் பார்த்துப் பாட்டி விடும் எச்சரிக்கை கன்னியாகுமரியிலும் ஒன்றுதான், கும்மிடிப்பூண்டியிலும் ஒன்றுதான்: “பூனை முடி வயித்துக்குள்ள போச்சுன்னா இரைப்பு வந்துரும்டி.” பேத்தி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கைபேசியில் அவள் பார்க்கும் காணொளிகளில் எல்லாப் பூனைகளும் மெத்தையில்தான் உருள்கின்றன. யாருக்கும் எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த வழக்கில் இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்றும் இருக்கிறது.

பாட்டி சொல்லும் நோய் உண்மை. அது வரும் வழிதான் வேறு. விழுங்கிய பூனை முடி, சோற்றோடு போன தலைமுடியைப் போல வயிற்றைக் கடந்து வெளியேறிவிடும். மூச்சுக்குழாயைச் சுருக்குவது ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் எச்சிலிலும், தோலில் எண்ணெய்ப்பசை சுரக்கும் சுரப்பிகளிலும் அது ஊறுகிறது. விழித்திருக்கும் பொழுதில் கணிசமான பங்கைப் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. அந்த நாக்கு இதற்கென்றே வார்த்தது போன்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நாக்கிலுள்ள முட்களின் நுனி கரண்டிபோலக் குழிந்திருப்பதையும், எச்சிலை அள்ளிக்கொண்டுபோய் உரோமத்தின் வேர்வரை அது சேர்ப்பதையும் காட்டினார்கள். பூனை தன்னைச் சுத்தமாக்கிக்கொள்ளும் அதே செயல்தான் அந்தப் புரதத்தை உடல் முழுக்கப் பூசிவிடுகிறது. காய்ந்ததும் அது கண்ணுக்குத் தெரியாத பொடியாக உதிர்கிறது. மகரந்தத்தூள் பருமனானது, சீக்கிரம் தரையில் படிந்துவிடும். பூனைப் பொடியில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் சிறியது. அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நுரையீரலின் ஆழம்வரை போகும்.

இப்போது மெத்தைக்கு வருவோம். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் பூனை தூங்குகிறது. அதே தலையணையில் மனிதர் இரவெல்லாம் முகம் புதைக்கிறார். ஜன்னலை அடைத்து ஏசி ஓடும் அறையென்றால் காற்று மாறவும் வழியில்லை. கூடத்தில் பூனை இருந்தால் தாக்குப்பிடிக்கும் ஆஸ்துமாக்காரர், மெத்தையில் பூனை படுத்த இரவில் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இன்ஹேலரைத் தேடுவது இதனால்தான்.

‘இன்றைக்கு மட்டும் பூனையை வெளியே விட்டுவிடலாம்’ என்பதும் உதவாது. பூனையை வீட்டைவிட்டே அனுப்பிய பிறகு அந்தப் புரதம் எவ்வளவு நாள் தங்குகிறது என்று அளந்து 1989-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலான வீடுகளில் அது பூனையில்லாத வீட்டின் அளவுக்கு இறங்க 20 முதல் 24 வாரங்கள் ஆயின. ஸ்வீடன் பள்ளிகளில் நடந்த ஆய்வுகளோ, பூனை வளர்க்கும் பிள்ளைகளின் உடையோடு இந்தப் புரதம் வகுப்பறைக்கு வந்து, வீட்டில் பூனையே இல்லாத பிள்ளைகளுக்கும் இரைப்பைக் கூட்டுவதைக் கண்டறிந்தன. ‘அலர்ஜி தராத பூனை’ என்று விற்கப்படும் இனங்களையும் நம்ப வேண்டாம். உடலில் முடியே இல்லாத ஸ்பிங்க்ஸ் பூனைக்கும் எச்சில் சுரக்கிறது.

ஆகவே வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமாவோ, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலோ இருந்தால், படுக்கையறைக் கதவு பூனைக்கு மூடியே இருக்க வேண்டும். இதில் பேரம் பேச இடமில்லை. பிறந்த முதல் ஆண்டில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாய், பூனைகளோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆறேழு வயதில் ஒவ்வாமை குறைவாகவே இருந்ததாக டெட்ராய்ட் பகுதியில் 474 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் சொன்னது உண்மை. அது ஆறுதலான செய்திதான். ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்கும் பிள்ளையின் தலையணையில் பூனையைப் படுக்க வைப்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

ஒவ்வாமை இல்லாத வீடுகள்தான் அதிகம். பேத்தியின் பாதி நியாயம் அங்கே தொடங்குகிறது. கேட்க மறந்த கேள்வியும் அங்கேதான் இருக்கிறது: மெத்தையில் ஏறுவதற்கு முன் அந்தப் பூனை எங்கே போய்விட்டு வந்தது?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்பட்ட அறிவியல் கட்டுரை 2011-இல் வந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவ அறிஞர் புருனோ ஷோமெல், அம்மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் பென் சன் இருவரும் எழுதியது. படுக்கையைப் பிராணிகளோடு பகிர்ந்ததால் வந்த நோய்களை மருத்துவ ஏடுகளிலிருந்து தேடித் திரட்டியிருந்தார்கள். பிளேக் முதல் பூனைப் பிறாண்டல் காய்ச்சல் வரை அதில் இருந்தது. செய்தி ஏடுகள் அதை ஓர் அபாய அறிவிப்பாகவே வெளியிட்டன. ஆனால் அவர்கள் சொன்னது நிதானமானது. இத்தகைய தொற்றுகள் அரிது. என்றாலும் சிறு குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் பிராணியோடு படுக்க வேண்டாம். மற்றவர்கள் தங்கள் பிராணியின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிளேக் சேதியை மட்டும் சற்று நின்று பார்க்கலாம், ஏனெனில் வழி அதில் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1977 முதல் 1998 வரை பூனைகள் வழியாக 23 பேருக்குப் பிளேக் தொற்றியது. அவர்களில் ஐவர் இறந்தனர். 2024 பிப்ரவரியில் ஓரிகன் மாநிலத்தின் டெஷூட்ஸ் மாவட்டத்தில் ஒருவருக்குத் தன் வளர்ப்புப் பூனையிடமிருந்து அது வந்தது. சிகிச்சையில் அவர் தேறினார். அங்குள்ள காட்டு எலிகளிடமும் அணில்களிடமும் பிளேக் கிருமி இன்னும் உயிர்வாழ்கிறது. பூனை வேட்டைக்குப் போகிறது. எலியைத் தின்கிறது, அல்லது எலியின் தெள்ளுப்பூச்சியைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறது. நோய் தொடங்கிய இடம் புல்வெளி. மெத்தை அதன் கடைசி நிறுத்தம் மட்டுமே. வெளியே போகாத பூனைக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

நம் ஊர்ப் பூனையின் கதையோ பெரும்பாலும் வெளியே போகும் கதை. ஐரோப்பிய, அமெரிக்க ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கல் இது. அங்கே எழுதுபவர் மனதில் இருப்பது, பெரும்பாலும் ஒரு அடுக்ககத்தின் நான்காம் மாடியில் தட்டில் உணவும் தொட்டியில் மணலுமாக வாழும் பூனை. இங்கே மைலாப்பூரானாலும் மானாமதுரையானாலும் பூனை மதில்மேல் நடக்கிறது; சாக்கடை ஓரத்தில் எலிக்குக் காத்திருக்கிறது; மீன்காரர் கூடையை இறக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது; எதிர்வீட்டு மாடியில் இன்னொரு கடுவனோடு சண்டையிட்டுக் காதில் காயத்தோடு வருகிறது. மூன்று வீட்டுக்காரர்கள் அதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூவருமே பால் ஊற்றுகிறார்கள். தடுப்பூசி போட்டது யார் என்று கேட்டால் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த அரைகுறை வளர்ப்புதான் உண்மையான சுகாதாரக் கேடு. இரவு பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாக வந்து காலடியில் சுருண்டுகொள்ளும் பூனை அன்பைத் தேடி வருகிறது. கூடவே தெருவையும் கொண்டுவருகிறது.

முதலில் கொண்டுவருவது தெள்ளு. பூனையின் மேல் கண்ணுக்குத் தெரியும் தெள்ளுகள் மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பூனை படுக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பெட்டைத் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை இடும். அவை உரோமத்தில் ஒட்டுவதில்லை, உதிர்ந்துவிடும். பூனை மெத்தையில் தூங்கினால் முட்டை உதிரும் இடம் மெத்தைதான். வெதுவெதுப்பும் ஈரப்பதமும் தெள்ளுக்குப் பிடித்தவை. குளிர்நாடுகளில் பனிக்காலம் அதற்கு ஓர் இடைவேளை கொடுக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் அந்த இடைவேளையே கிடையாது.

தெள்ளு கடித்தால் அரிக்கும். அதோடு போனால் பரவாயில்லை. பூனைப் பிறாண்டல் காய்ச்சல் என்ற நோயைப் பாரிஸில் குழந்தை மருத்துவர் ராபர்ட் தெப்ரே 1950-இல் விவரித்தார். அதற்குக் காரணமான பார்டோனெல்லா ஹென்செலே என்ற நுண்ணுயிர் அடையாளம் காணப்பட மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அது பூனையின் இரத்தத்தில் வாழ்கிறது. தெள்ளு அந்த இரத்தத்தைக் குடிக்கிறது. தெள்ளின் எச்சத்தில் கிருமி வெளியேறுகிறது. பூனை சொறிந்துகொள்ளும்போது அந்த அழுக்கு நகத்தடியில் சேர்கிறது. அந்த நகம் மனிதத் தோலைக் கீறும்போது கிருமி உள்ளே போகிறது. ஷோமெல் குழுவினர் 1996-இல் நோயுற்ற பூனைகளிலிருந்து தெள்ளை எடுத்து ஆரோக்கியமான குட்டிகளின் மேல் விட்டபோது குட்டிகளுக்கும் நோய் தொற்றியது. தெள்ளே இல்லாத சூழலில் வளர்த்த பூனைகளிடையே அது பரவவில்லை. தெள்ளை ஒழித்தால் பாதிப் பயம் ஒழிந்தது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் இத்தனை இருக்கிறது.

ஒழிக்கும் முறையில்தான் பல வீடுகள் தவறுகின்றன. நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனையின் பிடரியில் ஊற்றுவது அதில் மிகக் கொடியது. அத்தகைய மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சமாளிக்கும். பூனையின் கல்லீரலால் முடியாது. வலிப்பு வந்து பூனை செத்துப்போகவும் கூடும். தரையை ஃபினைல் போட்டுத் துடைப்பதும் பாதகம். அந்தத் தரையில் நடந்த பாதத்தைப் பூனை நக்கும். ஃபீனால் சேர்ந்த கிருமிநாசினிகள் அதற்கு நஞ்சு. பூனைக்கென்றே தயாரான சொட்டு மருந்தை, பூனையின் எடையைச் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கூடவே விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒருமுறை கொதிக்கும் பதத்துக்குச் சற்றுக் குறைவான சுடுநீரில் அலசி, உச்சி வெயிலில் காயவைக்க வேண்டும். தெள்ளின் புழு வெயிலுக்கும் வறட்சிக்கும் தாங்காது. மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போடும் பழக்கம் இங்கே உண்மையிலேயே ஒரு பலம். பாயில் படுப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: உதறி வெயிலில் விரித்தால் போதும். பஞ்சு மெத்தையின் மடிப்புக்குள் போன முட்டையை வெளியே எடுப்பதுதான் பாடு.

படுக்கையறை விவாதத்தில் அடுத்து வந்து நிற்பது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. இந்த ஒரு பெயரால் தமிழ்நாட்டில் எத்தனை பூனைகள் வீடிழந்தன என்பதற்குக் கணக்கில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே பூனையைச் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வருகிறார்கள். ஐந்தாறு ஆண்டு அந்த வீட்டில் வளர்ந்த உயிர், சந்தை நாய்களின் நடுவே ஒரு வாரம் தாங்காது. இவ்வளவும் நடப்பது பாதி கேட்ட ஒரு தகவலின் பேரில்.

முழுத் தகவல் இது. அந்த ஒட்டுண்ணி கருவில் உள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடியது, அதில் ஐயமில்லை. அதன் வாழ்க்கைச் சுழற்சியில் பூனைக்கு மையமான இடம் உண்டு என்பதை 1970 வாக்கில் நிறுவியவர்களில், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜே.பி. துபேயும் ஒருவர். ஆனால் தொற்றிய பூனை பொதுவாக வாழ்நாளில் முதல் தொற்றின்போதுதான், அதுவும் ஒன்று முதல் மூன்று வாரங்களே, அதன் முட்டைகளை மலத்தில் வெளியேற்றுகிறது. வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது. அது முதிர ஒன்று முதல் ஐந்து நாள் வேண்டும். பூனை மலம் கழிக்கும் லிட்டர் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்தால், தொற்றும் பதத்துக்கு அது வருவதற்குள் குப்பைக்குப் போய்விடுகிறது. பூனையின் உரோமத்தைத் தடவுவதால் இது வருவது மிக அரிது. நேப்பிள்ஸ், ஓஸ்லோ, கோபன்ஹேகன் உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களின் கர்ப்பிணிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், சரியாக வேகாத இறைச்சிதான் 30 முதல் 63 சதவீதம் தொற்றுகளுக்குக் காரணமாக இருந்தது. மண்ணைத் தொட்டதால் வந்தவை 6 முதல் 17 சதவீதம். பூனையோடு பழகியது காரணமாகத் தேறவில்லை.

நம் வீடுகளில் கறி குழைய வெந்துதான் தட்டுக்கு வருகிறது. எனவே இங்கே கர்ப்பிணி கவனிக்க வேண்டியவை மண்ணும் கீரையும்: தோட்ட வேலைக்குப் பின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது, கீரை, கொத்தமல்லி, சாலட் காய்களை நன்றாக அலசுவது. லிட்டர் தொட்டியை அந்தப் பத்து மாதம் கணவர் சுத்தம் செய்யட்டும். பூனையை மெத்தையிலிருந்து கூடத்துக்கு மாற்றினால் போதும். சந்தைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் எந்த மருத்துவக் காரணத்திலும் இல்லை.

படர்தாமரை விஷயத்தில் பழி பாதி பூனைக்கு, பாதி மனிதருக்கு. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை பூனையிடமிருந்து வரும்; குறிப்பாகக் குட்டிகளிடமிருந்தும், நீளமுடிப் பாரசீகப் பூனைகளிடமிருந்தும். பாரசீகப் பூனைகள் சில, உடலில் ஒரு வட்டம்கூடத் தெரியாமலே அதைச் சுமக்கும். அதன் உதிர்ந்த முடியோடு பூஞ்சை தலையணையில் சேரும். பிள்ளையின் தலையில் செதில் செதிலாக முடி உதிர்ந்தால் பூனையையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் கடந்த பத்தாண்டுகளில் இந்தியா முழுவதும் பரவி, மருந்துக்கு அடங்காமல் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படரும் பூஞ்சை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவது. ஒரே துண்டைக் குடும்பமே பயன்படுத்துவதும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும்தான் அதை வளர்க்கின்றன. அதற்குப் பூனையைத் துரத்திப் பயனில்லை.

பூனை உண்பதும் மெத்தையைச் சேர்ந்த விஷயம்தான். கோழிக்கடையில் கழிவை வாங்கி வந்து பச்சையாகப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பூனைக்குப் பச்சைக் கறிதான் இயற்கை உணவு என்று இப்போது சிலர் கற்றுக்கொண்டும் போடுகிறார்கள். 2023 கோடையில் போலந்தில் பல ஊர்களில் வீட்டுப் பூனைகள் பறவைக் காய்ச்சலால் அடுத்தடுத்துச் செத்தன. அவற்றில் வெளியே போகாதவையும் இருந்ததால் பச்சைக் கோழிக்கறிமேல் சந்தேகம் விழுந்தது. 2024-இல் டெக்சாஸ் மாட்டுப் பண்ணைகளில் காய்ச்சாத பால் குடித்த பூனைகள் இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமும் பறவைக் காய்ச்சல் வைரஸான ஹெச்5என்1 உறுதியானது. போலந்துப் பூனைகளிடமிருந்து மனிதர் யாருக்கும் தொற்றியதாகப் பதிவில்லை. ஆனாலும் முகத்தருகே மூச்சுவிட்டுத் தூங்கும் ஒரு பிராணிக்கு வேகாத கோழிக்கழிவைக் கொடுப்பது தேவையில்லாத சூதாட்டம். ஒரு கொதி விட்டு எடுத்துப் போடுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

பால் இன்னொரு பழக்கம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிறு இளகும். பின்புறத்தில் ஒட்டிய அசுத்தத்தோடு அது மெத்தையில் ஏறும். பூனையைத் திட்டுவதற்கு முன் கிண்ணத்தில் இருக்கும் பாலைத் தண்ணீராக மாற்றிப் பார்க்கலாம்.

சுத்தம் பற்றிய இந்தப் பேச்சில் தமிழ் முஸ்லிம் வீடுகளைச் சொல்லாமல் விட முடியாது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் பூனை வீட்டுக்குள் உரிமையோடு திரிவதற்குப் பின்னால் ஒரு மார்க்க மரபு இருக்கிறது. தொழுகைக்கு முன் ஒளு செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க, நபித்தோழர் அபூ கத்தாதா பாத்திரத்தை அதற்குச் சாய்த்துக் கொடுத்த நிகழ்ச்சி ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. பூனை அசுத்தமானது அல்ல, வீட்டில் சுற்றிவரும் உயிர்களில் ஒன்று என்பது அதன் சாரம். அசுத்தம் என்ற சொல்லைப் பிறவியோடு ஒட்டிவைக்காமல் பார்க்கும் பார்வை அது. நவீன நுண்ணுயிரியல் சேர்ப்பது ஒன்றுதான்: எந்தப் பூனை, எந்த உடல்நிலையில், எங்கே போய்வந்தது என்பதையும் கேள்.

பூனைகளின் அலைச்சல் ஒரு ஊரையே என்ன செய்யும் என்பதற்குப் பிரேசிலைப் பார்க்கலாம். ரியோ டி ஜெனீரோவில் 1998 முதல் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை நோய் பூனைகளிடையே கொள்ளைநோயாகப் பரவியது. கடுவன்கள் சண்டையிட்டு ஒன்றையொன்று பிறாண்டின. வீடு திரும்பி மனிதரையும் பிறாண்டின. ஆயிரக்கணக்கானோருக்குத் தோலில் ஆறாத புண்கள் வந்தன. நோய் அதிகம் பரவியது கருத்தடை செய்யாத பூனைகள் தெருவில் திரிந்த ஏழைக் குடியிருப்புகளில். அந்தப் பூஞ்சையின் கொள்ளைநோய் இங்கே வரவில்லை. அதை வளர்த்த சூழல் மட்டும் நம் தெருக்களில் அப்படியே இருக்கிறது. கருத்தடை செய்த கடுவன் பெட்டையைத் தேடி மூன்று தெரு தாண்டிப் போகாது, சண்டைக்கு நிற்காது, கதவோரத்தில் சிறுநீர் அடிப்பதும் குறையும். ஒவ்வாமைப் புரதத்தின் அளவுகூட இறங்குகிறது. ஒரே அறுவை சிகிச்சையில் இத்தனை நன்மை கிடைக்கும்போது, ‘பாவம், எதற்கு அறுக்க வேண்டும்’ என்று தள்ளிப்போடுவதுதான் பாவம்.

ரேபிஸ் பற்றித் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். பூனை கடித்தால் ரேபிஸ் வராது என்ற நம்பிக்கை தவறானது, உயிரைக் குடிப்பது. மனிதருக்கு வரும் ரேபிஸில் மிகப் பெரும்பாலானவை நாய்க்கடியால் வருபவை என்றாலும், தெரு நாயிடம் கடிபட்ட பூனைக்கும் அது வரும்; அதனிடமிருந்து மனிதருக்கும் வரும். மெத்தையில் விளையாடும்போது பல்லோ நகமோ தோலைக் கிழித்தால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள்; அன்றே போக வேண்டும். பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா என்ற நுண்ணுயிராலும் கடிவாய் ஒரே நாளில் சிவந்து வீங்கும். ஊசிபோல் மெல்லிய பல் ஆழமாக இறங்கி, மேலே ஒரு புள்ளி மட்டும் தெரிவதால் பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள்.

பூனைக்கான ரேபிஸ் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில் தொடங்கி ஆண்டுக்கொருமுறை போட வேண்டியது. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சிறுவனுக்கு முதல் ரேபிஸ் தடுப்பு மருந்தைச் செலுத்தியதன் நினைவாக அந்த நாளில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடப்பதுண்டு. வரிசையில் நாய்களோடு நிற்பவர்களே அதிகம். பூனையை ஒரு கூடையில் வைத்து, மேலே துணி கட்டித் தூக்கிவருபவர்கள் அந்த அளவுக்கு இல்லை. பூனையை மெத்தைவரை அனுமதிக்கும் குடும்பம் அந்த வரிசைவரை போக வேண்டாமா?

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைத் தூக்க மையத்துக்கு வந்த 150 பேரிடம் கேட்டு 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் பிராணி வளர்ப்பவர்கள். பாதிக்கு மேற்பட்ட வளர்ப்பாளர்கள் அதைப் படுக்கையறையில் அனுமதிப்பவர்கள். தொந்தரவு என்றவர்கள் 20 சதவீதம். தொந்தரவில்லை அல்லது நல்லதே என்றவர்கள் 41 சதவீதம். தனியாக வாழும் முதியவர்கள் பலருக்கு இரவில் காலடியில் இன்னொரு உடலின் சூடு இருப்பது சாதாரண விஷயமல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கணவரும் போய்ச் சேர்ந்த வீட்டில், தூக்கம் கலையும்போது கையை நீட்டினால் ஓர் உயிர் தட்டுப்படுகிறது. சுகாதாரத்தின் பெயரால் அதைப் பறிக்க வேண்டியதில்லை. பூனை விடியலிலும் அந்தியிலும் துடிப்பாகும் பிராணி என்பதை மட்டும் நினைவில் வைத்து, படுக்கப்போகும் முன் அதற்கு நன்றாக விளையாட்டுக் காட்டி, வயிறாரச் சாப்பாடு போட்டால், நாலரை மணிக்கு அது முகத்தைத் தட்டி எழுப்புவது குறையும்.

ஆக, பூனை யாரோடு படுக்கக் கூடாது? பச்சைக் குழந்தையோடு கூடவே கூடாது. வெதுவெதுப்பைத் தேடி முகத்தருகே ஒட்டிப் படுக்கும் பூனையைத் தள்ளிவிட அதற்குத் தெம்பிருக்காது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், ஹெச்ஐவி சிகிச்சையில் இருப்பவர், உடலில் ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளி ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் படுக்க வைத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள், இருட்டியதும் வீட்டுக்குள் வந்து விடியும்வரை வெளியே போகாத, தெள்ளில்லாத, குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த பூனையைக் காலடியில் ஒரு தனித் துணி விரித்துப் படுக்க வைத்துக்கொள்ளலாம். தலையணை மட்டும் மனிதருக்கு.

கடைசியாக, மருத்துவரிடம் போகும்போது செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குக் கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி, காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தால், நம் ஊரில் மருத்துவரின் எண்ணம் முதலில் காசநோய்க்குப் போகும். இங்கே அது அவ்வளவு பரவலான நோய். அப்படி நினைப்பது சரியும்கூட. ஆனால் பூனைப் பிறாண்டல் காய்ச்சலிலும் இதேபோல்தான் நெறி கட்டும், வாரக்கணக்கில் நீடிக்கும். பிறாண்டல் தடம் அதற்குள் ஆறியிருக்கும், பிள்ளையும் மறந்திருக்கும். கட்டியில் ஊசி குத்தி எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே, வீட்டில் பூனை இருப்பதையும், அது பிள்ளையோடு படுப்பதையும், குட்டி என்றால் அதன் வயதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவார்களோ என்று பல தாய்மார்கள் அதை மறைக்கிறார்கள்.